சாங்கியிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? கணக்கு எப்படி வருகிறது

சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் என் பெரியம்மா, திருச்சிக்குப் பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் பொருத்தி வைப்பார். சென்ற முறை அந்தத் தாளில் இரண்டு வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். போகும் விமானம் மாலை 6.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.45க்குச் சேர்கிறது. திரும்பும் விமானம் இரவு 8.45க்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.20க்கு வந்து சேர்கிறது. "ஏன்ப்பா, போறதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம், வர்றதுக்கு ஆறரை மணி நேரமா? ரெண்டும் ஒரே வழிதானே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் 2,980 கிலோமீட்டர் என்று ஒரு தூரமும் அதற்கென ஒரு நேரமும் உடனே வந்துவிடுகின்றன. ஆனால் அந்த நேரம் பயணச்சீட்டில் உள்ள நேரத்தோடு பொருந்துவதில்லை. பயணச்சீட்டில் உள்ள நேரமோ நாம் இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரத்தோடு பொருந்துவதில்லை. இவற்றில் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு என்பதுதான் செய்தி. எந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், கணிப்பொறி இல்லாமலே இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாகச் சாங்கியையும் திருச்சியையுமே வைத்துக்கொள்கிறேன். நம்மில் பலருக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்த வழி அது.

முதலில் கடிகாரம்

பெரியம்மாவின் ஐயத்துக்கு விடை தூரத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. பயணச்சீட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். புறப்படும் 6.00 மணி சிங்கப்பூர் மணி, சேரும் 7.45 இந்திய மணி. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், திருச்சியில் இரவு 7.45 ஆகும்போது தெம்பனிஸில் 10.15. ஆறு மணியிலிருந்து பத்தேகால் வரை நாலேகால் மணி நேரம். போகும் பயணத்தின் நீளம் அதுதான். திரும்பும்போது இரவு 8.45 என்பது இந்திய மணி, அதாவது சிங்கப்பூரில் 11.15. அங்கிருந்து 3.20 வரை எண்ணினால் நாலு மணி ஐந்து நிமிடம். ஒன்றே முக்காலும் ஆறரையும் உண்மையில் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சற்று நின்று பார்க்கலாம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். சாங்கி ஏறத்தாழ 104 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையிலும் திருச்சி 78.7 பாகையிலும் இருக்கின்றன. இடையே 25.3 பாகை. நான்கால் பெருக்கினால் 101 நிமிடம், அதாவது ஒரு மணி 41 நிமிடம். சூரியனைக் கேட்டால் இரு ஊர்களுக்கும் இடையே அவ்வளவு நேரந்தான் வேறுபாடு. மீதி 49 நிமிடம் மனிதர் வைத்த கணக்கு. இந்தியா தன் கடிகாரத்தை 82.5 பாகைக் கோட்டுக்கு ஏற்ப வைத்திருக்கிறது. அது திருச்சிக்குச் சற்றே கிழக்கில் உள்ளது. சிங்கப்பூரோ 1982 ஜனவரி 1ஆம் நாள் தன் கடிகாரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளி, 120 பாகைக் கோட்டுக்கு உரிய நேரத்தை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஊருக்குப் போன முதல் நாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

எனவே விதி எளிது: இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழிக்க வேண்டும். இந்த மாற்றத்தை இரண்டு முறை செய்துவிடுவதும் நடக்கும். ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து எங்களை அழைத்துப்போக வந்த மாமா, நான் அனுப்பிய நேரத்தைச் சிங்கப்பூர் நேரம் என்று நினைத்து அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு, வண்டியோடு வந்து அவ்வளவு நேரமும் வாசலிலேயே நின்றிருந்தார். குற்றம் என்னுடையது, 'திருச்சி மணி' என்ற இரண்டு சொற்களை நான் எழுதவில்லை.

வரைபடத்தில் தூரம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் பூமியில் ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டியிருக்கும். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று சொல்லப்படுவது இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே, பூமியின் வளைந்த மேற்பரப்பின்மீது வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தின்மேல் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவற்றுக்கிடையே நூலை இறுக்கி இழுத்தால் நூல் தானாகப் போய்ப் படியும் வழி எதுவோ அதுதான் பெருவட்டம்.

இதைக் கணக்கிடக் கோள முக்கோணவியல் வேண்டும். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. இங்கே பூமியின் வளைவு தட்டையான வரைபடத்தை அதிகம் பொய்யாக்குவதில்லை. ஆகவே பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றமே போதும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். சாங்கி 1.4 பாகை வடக்கில், திருச்சி 10.8 பாகை வடக்கில், வேறுபாடு 9.4 பாகை, அதாவது 1,043 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 25.3 பாகை, அதாவது 2,808 கிலோமீட்டர். ஒன்றை வடக்கு நோக்கிய பக்கமாகவும் மற்றதை மேற்கு நோக்கிய பக்கமாகவும் வைத்து ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தால், அதன் கர்ணம் 2,995 கிலோமீட்டர் வரும். தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால் கிழக்கு மேற்குப் பக்கத்தைச் சிறிது குறைக்க வேண்டும். நடுவழியில் உள்ள 6 பாகை அட்சரேகையில் அந்தக் குறைப்பு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். குறைத்தபின் விடை 2,980. கோள முக்கோணவியலும் அதே 2,980ஐத்தான் தருகிறது. ஓர் உறையின் பின்புறத்தில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

இதே முறையில் சென்னைக்குப் போட்டால் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர் வரும், மதுரைக்கு 3,010, கோயம்புத்தூருக்கு 3,160. சென்னை நமக்குத் திருச்சியைவிட 60 கிலோமீட்டர்தான் அருகில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விமானத்துக்கு அது நான்கு நிமிடத் தூரம்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரையும் பெருவட்டக் கோடு மலாக்கா நீரிணையை ஒட்டிச் சென்று, சுமத்ராவில் மேடான் நகரின் அருகே கரையேறி, அச்சே வட்டாரத்தின்மேல் கடந்து, பெரிய நிக்கோபார் தீவுக்குத் தெற்கே வங்காள விரிகுடாவில் இறங்கி, யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கு வடக்கே வந்து, வேதாரண்யத்தின் பக்கம் தமிழகக் கரையைத் தொடுகிறது. அங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் நாகப்பட்டினம். நம் தாத்தா பாட்டிமார் பலர் அந்தத் துறையில்தான் 'ரஜூலா' கப்பலில் ஏறினார்கள். பினாங்கு வழியாக இங்கே வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்த பயணம் அது. தூரம் பெரிதாக மாறிவிடவில்லை, வேகந்தான் மாறியிருக்கிறது.

நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகும்போது தட்டை வரைபடம் ஏமாற்றத் தொடங்கும். சாங்கியிலிருந்து அமெரிக்காவின் நியூவர்க் வரை பித்தாகரஸ் கணக்குப் போட்டால் விடை பொருளற்றதாகிவிடும். இரண்டு நிலையங்களுக்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு ஏறக்குறைய 180 பாகை. அதாவது அவை பூமிப்பந்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி, கிட்டத்தட்ட வடதுருவத்தின் தலைமேல் ஏறி இறங்கும் வழி. இங்கிருந்து துருவம் வரை 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூவர்க் வரை 49.3 பாகை, கூட்டினால் 137.9 பாகை, அதாவது சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானங்களைக் கொண்டு அந்தச் சேவையை மீண்டும் தொடங்கியது. அத்தனை குறுகிய துருவ வழி இருந்தும், காற்று சாதகமாக இருக்கும் நாள்களில் பசிபிக் பெருங்கடலின் மேலாகக் கூடுதல் தூரம் பறந்து போவது உண்டு. குறுகிய வழியே விரைவான வழியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் அளவு கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். பார்ப்பதற்கு விசித்திரமான எண்ணாக இருந்தாலும் அதற்குக் காரணம் உண்டு: அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் நீளம் அது. எனவே பாகையில் தூரம் தெரிந்தால் அறுபதால் பெருக்கிய உடனே கடல் மைல் வந்துவிடும். சாங்கியிலிருந்து திருச்சி சுமார் 1,610 கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை ஒரு நாட் என்பார்கள்.

வானத்தில் உண்மையான வழி

பெருவட்டக் கோட்டில் ஓர் அங்குலமும் பிசகாமல் எந்தப் பயணிகள் விமானமும் பறப்பதில்லை. வானத்திலும் சாலைகள் உண்டு. ஐந்து எழுத்துப் பெயர் சூட்டிய புள்ளிகளைக் கோத்து அந்த வழித்தடங்கள் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டாளர் அடுத்த நாட்டின் கட்டுப்பாட்டாளரிடம் விமானத்தை ஒப்படைப்பதும் இத்தகைய புள்ளிகளில்தான். திருச்சி விமானம் சிங்கப்பூரின் கண்காணிப்பில் தொடங்கி அண்டை நாடுகளின் வான்பரப்பைக் கடந்து, வங்காள விரிகுடாவின் நடுவே எங்கோ சென்னையிலிருந்து பேசும் குரலிடம் போய்ச் சேர்கிறது. உயரத்துக்கும் விதி உண்டு. மேற்கு நோக்கிப் போகும் விமானங்கள் பொதுவாக 34,000, 36,000, 38,000 அடி என இரட்டைப்படை ஆயிரங்களிலும், கிழக்கு நோக்கி வருபவை 35,000, 37,000 அடி என ஒற்றைப்படை ஆயிரங்களிலும் பறக்கின்றன. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே எப்போதும் ஓராயிரம் அடி இருக்கும்படி செய்த ஏற்பாடு இது.

இரு முனைகளிலும் இன்னும் சிறிது சுற்று சேர்கிறது. சாங்கியின் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்கு தெற்காக, சற்றுச் சாய்வாக அமைந்தவை. நாம் போக வேண்டிய திசையோ மேற்கு. காற்றை எதிர்கொண்டுதான் விமானம் எழும்ப வேண்டும் என்பதால் வடகிழக்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் எழும்பிப் பிறகுதான் திரும்ப முடியும். திருச்சி ஓடுபாதை அதற்கு மாறாகக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில், கடற்பக்கமிருந்து வரும் நம் விமானம் நேராக வந்து இறங்கிவிடலாம். கிழக்குக் காற்று வலுத்திருந்தால் ஊரைத் தாண்டி மேற்கே போய், திரும்பி, கிழக்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும். சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மலைக்கோட்டையைக் கடந்து போகிறோமே என்று திகைக்கும் நாள்கள் அவை. இவற்றையெல்லாம் சேர்த்தால் பறக்கும் தூரம் பெருவட்டத் தூரத்தைவிடச் சில விழுக்காடு கூடும்.

வேகமும் காற்றும்

இனி நேரம். இந்த வழியில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் நடுவானில் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் போகின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் தரையில் உள்ளதைவிடக் குறைவு, மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். ஆகவே விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். 2,980ஐ 830ஆல் வகுத்தால் மூன்று மணி 35 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதாலும், வழித்தடச் சுற்று இருப்பதாலும், மேலும் ஒரு கால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தூரத்தை மட்டும் கொண்டு கணக்கிடும் இணையதளங்கள் இப்படித்தான் ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஒரு நிலையான நேரத்தைக் கூட்டிச் சொல்கின்றன. அன்றைய காற்று எப்படி என்பது அந்தக் கணக்கில் இல்லை.

காற்றுதான் இதில் நுட்பமான பகுதி. 830 கிலோமீட்டர் என்பது விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து நகரும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் வேறாகிவிடும். காவிரியில் நீரோட்டத்தோடு நீந்துபவருக்கும் எதிர்த்து நீந்துபவருக்கும் உள்ள வேறுபாடுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரை வேகம் 890. பயணம் மூன்று மணி 21 நிமிடத்தில் முடியும். அதே காற்று எதிரே வந்தால் தரை வேகம் 770; மூன்று மணி 52 நிமிடம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பின்காற்றால் மிச்சமானது 14 நிமிடம், எதிர்காற்றால் இழந்தது 17 நிமிடம். காற்றின் வேகம் ஒன்றேயானாலும் இலாபமும் நட்டமும் சமமாவதில்லை. ஏனென்றால் எதிர்காற்றில் மெதுவாகப் போகும் விமானம் அந்தக் காற்றிலேயே கூடுதல் நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. போகவர ஒரே காற்று அடித்தால், காற்றே இல்லாத நாளைவிட மொத்தப் பயணம் எப்போதும் சற்று நீளம்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் கோடையில் சூடேறுவதால் உயர்வானில் அழுத்தம் மாறி உண்டாகும் ஓட்டம் இது. இதன் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் கிழக்குக் காற்று கீழேயும் பரவியிருப்பதால் அந்த மாதங்களில் திருச்சிக்குப் போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது தடுக்கும். தரையில் தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றை மட்டும் பார்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாக எதிர்பார்ப்பார்கள். தலைக்கு மேல் பத்துக் கிலோமீட்டரில் வேறு உலகம்.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால்தான் மேற்கே போக எளிது என்று சிலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பூமி நமக்கு அடியில் சுழன்று திருச்சியைக் கொண்டுவந்து தருவதில்லை. காற்றுமண்டலமும் அதனுள் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் எம்ஆர்டி ரயிலுக்குள் ஒரு பந்தை மேலே எறிந்தால் அது நம் கைக்கே திரும்பி வருகிறது, பின்னால் உள்ள பெட்டிக்குப் போவதில்லை. நேரத்தை மாற்றுவது பூமியைப் பொறுத்து நகரும் காற்று மட்டுமே. அந்தக் காற்றோட்டங்களுக்கு எப்படிப்பட்ட திசை அமைகிறது என்பதில் பூமியின் சுழற்சிக்குப் பங்குண்டு. அது வேறு செய்தி.

பயணச்சீட்டில் இருக்கும் நேரம்

இப்போது கையில் மூன்று மணி 50 நிமிடம் இருக்கிறது. பயணச்சீட்டோ நாலேகால் என்கிறது. இடைவெளிக்குக் காரணம், பயணச்சீட்டு பறக்கும் நேரத்தைச் சொல்வதே இல்லை என்பது. துறையில் இருப்பவர்கள் அதைப் பிளாக் டைம் என்பார்கள். வாயிலில் நிற்கும் விமானத்தின் சக்கரக் கட்டைகளை எடுத்து, அது நகரத் தொடங்கும் நொடியில் இந்த நேரம் தொடங்குகிறது; மறுமுனையில் வாயிலில் வந்து நின்று கட்டை வைக்கும்போது முடிகிறது. இடையில் இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நேரம், இயந்திரங்களை இயக்கும் நேரம், ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரம், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னே வரிசையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் அடங்கும். சாங்கி போன்ற பெரிய நிலையத்தில் முனையத்திலிருந்து ஓடுபாதையின் தொடக்கம் வரை ஊர்வதற்கே கால் மணி நேரம் ஆகிவிடலாம். திருச்சியில் ஒரே ஓடுபாதை, வாயிலும் அருகிலேயே. சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்குமேல் நிறுவனங்கள் சிறிது கூடுதல் நேரமும் விட்டுவைக்கின்றன. அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் உரிய நேரத்தில் வந்ததாகக் கொள்வது இந்தத் துறையின் வழக்கம். அதனால் ஒரு பருவம் முழுவதும் அந்த வழியில் பறந்த அனுபவத்தைப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் தவறாத ஒரு நேரத்தை அட்டவணையில் எழுதுகிறார்கள். இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்ட விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதே என்று நாம் வியப்பது இதனால்தான். விமானி விரட்டிக்கொண்டு வரவில்லை. அந்த இருபது நிமிடத்துக்குப் பெரும்பாலும் முன்பே இடம் விட்டிருந்தார்கள். இதை நான் ஏமாற்று என்று கருதவில்லை. ஊரிலிருந்து வந்து வாசலில் நிற்பவருக்கு மெய்ப்படும் நேரம்தான் பயனுள்ள நேரம்.

குறுகிய வழிகளில் இந்தக் கூடுதல் நேரமே பயணத்தின் பெரும்பகுதி ஆகிவிடுகிறது. சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். 2018 நவம்பரில் சிலேத்தாரில் புதிய முனையம் திறக்கப்பட்டு, 2019 ஏப்ரலில் சுபாங்கிலிருந்து ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானங்கள் அங்கே வரத் தொடங்கின. சுழல்விசிறி கொண்ட அந்த விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வகுத்தால் 38 நிமிடம்தான் வருகிறது. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஊர்வது, ஏறுவது, திரும்புவது, இறங்குவது ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் தூரம் குறைந்தால் குறைவதில்லை. திருச்சிக்கும் சுபாங்குக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான், இரண்டு சிறிய நிலையங்களுக்கு இடையிலான பயணத்தில் வேகமான விமானம் என்பதைவிட நெரிசலற்ற நிலையம் என்பதே கூடுதல் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பெரியம்மாவின் திரும்பும் பயணத்துக்கு இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். அதிகாலையில் சாங்கியை நெருங்கும் விமானங்களை ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் புயற்காற்று எனப்படும் இடிமழை வரிசை சந்திப்பது உண்டு. சுமத்ராவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் உருவாகி, விடியும் முன்போ காலையிலோ மேற்கிலிருந்து தீவைக் கடந்து போகும். அது கடக்கும்வரை இறங்க வேண்டிய விமானங்களை வானத்திலேயே வட்டமிடச் சொல்வார்கள். அதற்கான எரிபொருள் முன்பே நிரப்பப்பட்டிருக்கும். சேரும் ஊர் வரை தேவையானது மட்டுமின்றி, மாற்று நிலையத்துக்குப் போவதற்கும், அதன்பின் அரை மணி நேரம் வட்டமிடுவதற்கும் போதுமான எரிபொருள் இருந்தால்தான் ஜெட் விமானம் புறப்படவே முடியும். இறங்கிய பிறகும் மின்னல் எச்சரிக்கை இருந்தால் திறந்தவெளியில் வேலை செய்பவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். பெட்டிகள் வந்து சேரத் தாமதமாகும். பயணச்சீட்டில் உள்ள 3.20 விமானம் வாயிலில் நிற்கும் நேரம் மட்டுமே. குடிநுழைவு வரிசையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் அதற்குப் பின்னால் வருபவை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா பென்சிலை என்னிடம் நீட்டினார். தாளின் ஓரத்தில் போவதற்கு 4.15, வருவதற்கு 4.05 என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி, 7.45க்குப் பக்கத்தில் 'திருச்சி மணி' என்றும் 3.20க்குப் பக்கத்தில் 'நம்ம மணி' என்றும் தாமே எழுதி, தாளைப் படம் எடுத்துத் தஞ்சாவூர் மாமாவுக்கு அனுப்பினார்.